மெயிலில் வரும் வைரஸ்: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் புதுப்பிக்கணுமா, வேறு ஏதாவது செய்யணுமா?

#1 சேலத்தான்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டாப், விண்டோஸ் 10. அப்பா ரிட்டயர்டு. பென்ஷன், நெட்பேங்கிங், மெயில் எல்லாம் அதில்தான் பார்க்கிறார். தங்கச்சிக்குக் காலேஜ் அசைன்மென்ட், எனக்கு அவ்வப்போது ஆபீஸ் வேலை. மூணு பேருக்கும் ஒரே யூசர், பாஸ்வேர்டு கூடக் கிடையாது.

ஆன்டிவைரஸ் சந்தா அடுத்த வாரம் முடியுது. கடையில் கேட்டால் "புதுப்பிக்காம விட்டா மெயில்லயே வைரஸ் வந்து உக்காந்துக்கும் தம்பி" என்கிறார். கூட வேலை பார்க்கிற நண்பன் "விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே போதும், காசைக் கரியாக்காதே" என்கிறான்.

இதுக்கு நடுவில் அப்பாவுக்கு வருமான வரித் துறை பெயரில் ஒரு மெயில் வந்திருக்கு. ரீஃபண்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்காம், இணைப்பைப் பார்க்கணுமாம். இணைப்பு ஒரு ஜிப் ஃபைல். அதைத் திறக்க பாஸ்வேர்டும் அந்த மெயிலிலேயே கீழே எழுதியிருக்கு. அவருக்கு நிஜமாகவே ரீஃபண்ட் பாக்கி இருக்கு, அதனால்தான் குழப்பம். இன்னும் திறக்கவில்லை.

மெயிலை என்ன செய்ய? கம்ப்யூட்டரை என்ன செய்ய?

#2 பெங்குவின் பாண்டி

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்க. மேட்டர் ஓவர். 🐧

#3 கணக்குப்பிள்ளை

பாண்டி, உங்க பதில் எல்லா இழையிலும் ஒரே பதில். ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நான் விண்டோஸை விட்டு எங்கே போவது?

சேலத்தான், அந்த மெயிலுக்கு முதலில் வருகிறேன். அது போலி, திறக்க வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே இருப்பதை மெயில் சர்வரில் உள்ள ஸ்கேனரால் பார்க்க முடியாது. பாஸ்வேர்டு அங்கே இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம், பாதுகாப்பெல்லாம் இல்லை. 2004-ல் பேகில் என்று ஒரு வைரஸ் இதைத்தான் செய்தது. ஸ்கேனர்கள் மெயிலில் எழுதியிருந்த பாஸ்வேர்டைப் படித்துத் திறக்க ஆரம்பித்ததும், பாஸ்வேர்டைப் படமாகப் போட்டு அனுப்பினார்கள். இருபது வருஷம் கழித்தும் அதே உத்திதான்.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. "பாஸ்வேர்டு போட்ட ஃபைல் வந்தால் திறக்காதே" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது, நிஜமான துறையே அப்படித்தான் அனுப்புகிறது. ரிட்டர்ன் போட்ட பிறகு பெங்களூரு மையத்திலிருந்து வரும் 143(1) அறிவிப்பு பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப். வங்கி ஸ்டேட்மென்டும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், நிஜமான மெயிலில் பாஸ்வேர்டு இருக்காது. பான் எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டு, பின்னாலேயே பிறந்த தேதியைப் போடு என்று விதம் மட்டும் சொல்வார்கள். அந்த ரெண்டும் உங்களுக்குத் தெரிந்தது. பூட்டையும் சாவியையும் ஒரே கவரில் போட்டு யாராவது அனுப்பினால் அந்தப் பூட்டு உங்களுக்காக இல்லை.

இன்னொன்று, மெயிலில் வந்ததை மெயிலிலேயே பார்த்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இ-ஃபைலிங் தளத்துக்கு நீங்களே முகவரி அடித்துப் போங்கள். ரீஃபண்ட் நிலவரம் அங்கே தெரியும். துறை அனுப்பும் நோட்டீசுகளில் 2019 அக்டோபர் 1 முதல் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் போட்டு நோட்டீஸ் உண்மையா என்று பார்க்க அதே தளத்தில் வசதி உண்டு, லாகின் கூட வேண்டாம். எங்களிடம் வரும் கட்சிக்காரர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டிக் கொடுக்கிறோம்.

#4 சேலத்தான்

ரொம்ப நன்றி சார். தளத்தில் போய்ப் பார்த்தோம், நிறுத்தி வைத்ததாக எதுவும் இல்லை. ஒரு சந்தேகம். அனுப்புநர் இடத்தில் துறையோட பேர் அப்படியே இருந்ததே, அது எப்படி?

#5 போஸ்ட்மாஸ்டர்

பேர் என்ன வேணும்னாலும் போடலாம். தபால் கவரில் பின்பக்கம் அனுப்புநர் முகவரியை யாரும் சரிபார்ப்பதில்லையே, மெயிலும் ஆரம்பத்தில் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. 2002-ல் கிளெஸ் என்ற வைரஸ் ஆட்டம் போட்டது நினைவிருக்கிறதா? ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அங்கே கிடைக்கும் முகவரிகளில் ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் போட்டு அனுப்பும். வைரஸே இல்லாத ஆள் மேல் பழி விழும். "உன் மெயில்ல வைரஸ் வந்துச்சு" என்று சண்டை வேறு.

இப்போது அனுப்புநர் முகவரி நிஜமா என்று பார்க்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சரிபார்ப்புகள் உண்டு. ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, மெயிலின் வலது மூலையில் உள்ள மூணு புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போனால் மூன்றும் பாஸா ஃபெயிலா என்று மேலேயே காட்டும். ஆனால் பாஸ் என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். துறையின் பெயர் மாதிரியே ஒரு டொமைனை (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) யாராவது காசு கொடுத்து வாங்கி அனுப்பினால் அதற்கும் பாஸ்தான் வரும். எந்த டொமைனுக்குப் பாஸ் என்பதைப் பாருங்கள்.

அனுப்புநரை மட்டும் நம்பி முடிவெடுக்கவே கூடாது என்பதற்கு எமோடெட் நல்ல உதாரணம். 2014-ல் வங்கிப் பாஸ்வேர்டு திருடும் புரோகிராமாக ஆரம்பித்தது. பிறகு பாதிக்கப்பட்டவரின் மெயில்பாக்ஸிலிருந்து பழைய கடிதப் போக்குவரத்தையே எடுத்து, அதற்குப் பதில் மாதிரி அனுப்ப ஆரம்பித்தது. உங்க நண்பர் பெயர், நீங்க போன மாதம் எழுதிய வரிகள், கீழே ஒரு வேர்டு ஃபைல். யார்தான் திறக்க மாட்டார்கள்? 2021 ஜனவரியில் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் ஒருங்கிணைப்பில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களைப் பிடித்தது. அதே வருஷம் நவம்பரில் திரும்ப எழுந்து வந்துவிட்டது.

அதனால் என் கேள்வி எப்போதும் "யார் அனுப்பினார்" என்பதில்லை. "ரெண்டு தடவை கிளிக் செய்தால் இந்த ஃபைல் என்ன செய்யும்" என்பதுதான்.

#6 பழைய பிரவுசிங் சென்டர்

போஸ்ட்மாஸ்டர் சொன்ன கடைசி வரியை அப்படியே பிடிச்சுக்கறேன். 2000-ல நான் பிரவுசிங் சென்டர் வச்சிருந்தேன், மணிக்கு இத்தனைன்னு காசு வாங்கிட்டு இருந்த காலம். அந்த வருஷம் மே 4-ஆம் தேதிதான் 'ஐ லவ் யூ' கிளம்பிச்சு. காலேஜ் பசங்க கூட்டமா வர்ற இடம், தலைப்புல ஐ லவ் யூன்னு இருந்தா திறக்காம இருப்பானா?

ஃபைல் பேரு 'லவ் லெட்டர் ஃபார் யூ டாட் டெக்ஸ்ட்'. ஆனா முழுப் பேரு அது இல்ல. கடைசியில 'டாட் விபிஎஸ்'னு இன்னொரு வால் இருந்துச்சு. விண்டோஸ் தனக்குத் தெரிஞ்ச வாலை எல்லாம் மறைச்சுடும், அதனால பாக்கறவன் கண்ணுக்கு சாதா டெக்ஸ்ட் ஃபைல். கிளிக் பண்ணா ஸ்கிரிப்ட், அதாவது உள்ள எழுதி வச்ச சின்ன புரோகிராம், ஓடும். அவுட்லுக்ங்கற மெயில் புரோகிராமோட முகவரிப் புத்தகத்துல இருக்கற எல்லாருக்கும் தானே மெயில் போடும். முந்தின வருஷம் வந்த மெலிசா வைரஸ் கூட முதல் 50 பேருக்குத்தான் போட்டுச்சு, இது ஒருத்தரையும் விடல.

அதோட விடல. ஜேபிஜி படம் ஒவ்வொண்ணையும் அழிச்சுட்டு அதே பேர்ல, கடைசியில விபிஎஸ் சேர்த்து, தன்னோட நகலை வச்சுது. ஒருத்தர் கல்யாண போட்டோவை ஸ்கேன் பண்ணி எங்க மெஷின்ல வச்சிருந்தார், போனது போனதுதான். எம்பி3 பாட்டை மட்டும் அழிக்காம ஒளிச்சு வச்சுட்டு, பக்கத்துல போலியை வச்சுது. ஒளிச்ச ஃபைலைக் காட்டுன்னு செட்டிங் மாத்தினதும் பாட்டெல்லாம் வரிசையா வந்து நின்னுது. போட்டோ போச்சேன்னு அழறவருக்கு பாட்டு இருக்குன்னு சொன்னா ஆறுதலாவா இருக்கும்!

எழுதினது மணிலாவுல ஒரு காலேஜ் பையன். பிலிப்பைன்ஸ்ல அப்ப இதுக்குத் தண்டனை குடுக்கற சட்டமே இல்ல, வழக்கு நிக்கல. அடுத்த மாசமே சட்டம் போட்டாங்க, ஆனா பழைய குத்தத்துக்கு அது செல்லாதே. அடுத்த வருஷம் பிப்ரவரியில டென்னிஸ்காரி அன்னா கோர்னிகோவா போட்டோன்னு சொல்லி அதே ரெட்டை வால் வித்தை மறுபடி ஓடிச்சு.

இதை எல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, அந்த வால் மறைக்கற செட்டிங் விண்டோஸ் 11 வரைக்கும் அப்படியே இருக்கு. 25 வருஷமா! ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறங்க, மேல 'வியூ' போங்க. விண்டோஸ் 10-ல அங்கேயே 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'னு கட்டம் இருக்கும், டிக் போடுங்க. 11-ல 'வியூ', அப்புறம் 'ஷோ'வுக்குள்ள இருக்கும். காசு செலவில்லாம செய்யற முதல் வேலை இதுதான்.

#7 வடமராட்சியான்

நல்ல விளக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்திலை எங்கட வீட்டுப் பக்கம் இன்னொரு பயம் இருக்குது. மெயிலைத் திறந்து வாசிச்சாலே வைரஸ் வந்திடும் எண்டு அம்மா தெரியாத மெயில் ஒண்டையும் தொடமாட்டா. பல்கலைக்கழகத்திலை இருந்து எனக்கு வந்த கடிதத்தையே அழிச்சுப் போட்டா. இணைப்பைத் திறக்காமல் மெயிலை மட்டும் வாசிச்சால் பிரச்சினையோ?

#8 போஸ்ட்மாஸ்டர்

அம்மாவின் பயம் ஆதாரமில்லாதது இல்லை தம்பி, ஆனால் அது பழைய காலத்துப் பயம். 1999 நவம்பரில் பபிள்பாய் என்று ஒன்று வந்தது. இணைப்பே கிடையாது, அவுட்லுக் எக்ஸ்பிரஸில் பிரிவியூவில் தெரிந்தாலே ஓடும். 2001 செப்டம்பர் 18-ல் கிளம்பிய நிம்டாவும் அப்படித்தான், மெயிலைப் பார்த்தாலே இணைப்பு தானாக ஓடியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்த ஓட்டைதான் காரணம். வேடிக்கை என்னவென்றால் அந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே அடைத்துவிட்டது. அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

இப்போது குரோம், ஃபயர்ஃபாக்ஸில் ஜிமெயில் படிக்கிற ஆளுக்கு, வாசிப்பதால் மட்டும் வைரஸ் வருவது மிகவும் அரிது. மெயிலுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டை ஜிமெயில் ஓட விடாது. அம்மாவைத் தாராளமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் அவுட்லுக் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனம். 2023 மார்ச்சில் ஒரு ஓட்டையை அடைத்தார்கள். அதில் மெயில் வந்து சேர்ந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம், லாகின் தகவலின் ஹாஷ், அதாவது பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியீடு, வெளியே போய்விடும். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

#9 மதுரை கம்ப்யூட்டர் கடை

எல்லாரும் ஆன்டிவைரஸ் விக்கிறவனைத் திருடன் மாதிரியே பேசுறீக. நானும் விக்கிறேன், சொல்றதைக் கேளுங்க.

கடைக்கு வர்ற மெஷின்ல பாதிக்கு மேல டிஃபெண்டரை அணைச்சே வச்சிருக்காங்ய. யார் அணைச்சது? அவங்யளேதான். கிராக் போட்ட போட்டோஷாப், கிராக் போட்ட ஆபீஸ் எறக்குனா, "ஆன்டிவைரஸை அணைச்சுட்டு இன்ஸ்டால் செய்யவும்"னு முதல் வரியிலயே போட்டுருப்பான். அணைச்சவன் திரும்பப் போடுறதே இல்ல. காசு குடுத்து வாங்குன ஆன்டிவைரஸ்னா அணைக்க மனசு வராது, அது ஒரு லாபம். ரெண்டாவது, ஏதாவது ஆச்சுன்னா எனக்குப் போன் அடிப்பாக. டிஃபெண்டர் வச்சவுக யாருக்கு அடிப்பாக?

#10 கணக்குப்பிள்ளை

கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம். கிராக் விஷயம் நூறு சதவீதம் உண்மை. மெயில் வைரஸைப் பற்றி இத்தனை பேசுகிறோம், ஆனால் திருட்டு மென்பொருளை விரும்பி இறக்குகிறவர்களுக்கு மெயில் வழியே வைரஸ் வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் "டிஃபெண்டர் அணைந்திருக்கிறது" என்பது டிஃபெண்டரின் குறை ஆகாது. அணைக்காமல் வைத்திருந்தால் வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பதே என் கருத்து. விண்டோஸ் 8-லிருந்து கூடவே வருகிறது, சந்தா முடியும் என்ற பேச்சே இல்லை. சந்தா முடிந்து அப்டேட் வாங்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆன்டிவைரஸ்தான் இருப்பதிலேயே மோசம். காவல்காரன் இருக்கிறான் என்ற நம்பிக்கை மட்டும் நமக்கு மிஞ்சும். சேலத்தான், புதுப்பிக்கப் போவதில்லை என்றால் பழையதை முழுசாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை செய்கிறதா என்று சோதிக்க ஐகார் டெஸ்ட் ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துள்ள ஒரு வரி, எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்றே கத்த வேண்டும் என்று ஒப்பந்தம். இறக்கிப் பாருங்கள், கத்தவில்லை என்றால் ஏதோ அணைந்து கிடக்கிறது.

#11 பெங்குவின் பாண்டி

பச்சை டிக்கு, ஐகாரு, சந்தா... இத்தனையும் லினக்ஸ்ல வேண்டாம். சொன்னா கேக்க மாட்டீங்க.

#12 போஸ்ட்மாஸ்டர்

பாண்டி, விண்டோஸுக்கு எழுதின வைரஸ் லினக்ஸில் ஓடாது, ஒத்துக்கொள்கிறேன். போலி வங்கிப் பக்கத்தில் அப்பா பாஸ்வேர்டை அடித்தால் லினக்ஸ் கையைப் பிடித்துத் தடுக்குமா?

#13 நெறியாளர்

இதற்குக் கீழே வந்த லினக்ஸ் - விண்டோஸ் சண்டை தனி இழைக்கு மாற்றப்பட்டது. இங்கே மெயில் வைரஸ் மட்டும் பேசவும்.

#14 சிவகாமி டீச்சர்

எனக்கு ஒரு சந்தேகம். பள்ளிக்கு வரும் வேர்டு, எக்ஸெல் ஃபைல்களைத் திறந்தால் மேலே மஞ்சளாக ஒரு பட்டை வருது, 'எனேபிள் எடிட்டிங்', சில சமயம் 'எனேபிள் கன்டென்ட்'. எல்லாரும் அழுத்தித்தான் வேலை பார்க்கிறோம். சமீபத்தில் ஒரு ஃபைலில் சிவப்புப் பட்டை வந்தது, அழுத்த எதுவுமே இல்லை. ஆபீஸ் கெட்டுப் போச்சா?

#15 போஸ்ட்மாஸ்டர்

கெட்டுப் போகவில்லை டீச்சர், இப்போதுதான் திருந்தியிருக்கிறது.

வேர்டு, எக்ஸெல் ஃபைலுக்குள் மேக்ரோ என்று புரோகிராம் வைக்கலாம். 1999-ல் மெலிசா அப்படி வந்ததுதான். 2016-ல் லாக்கி என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் வேர்டு ஃபைலாக வந்தது. உள்ளே புரியாத எழுத்துகள், "எழுத்து தெரியவில்லை என்றால் மேக்ரோவை எனேபிள் செய்யவும்" என்று ஒரு வரி. அழுத்தினால் ஃபைல்கள் அத்தனையும் பூட்டிக்கொள்ளும். மஞ்சள் பட்டை எச்சரிக்கையாக இருந்தாலும் அதிலேயே பட்டனும் இருந்தால் ஜனங்கள் அழுத்தத்தான் செய்வார்கள்.

அதனால் 2022-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு முடிவெடுத்தது. இன்டர்நெட்டிலிருந்து வந்த ஃபைல் என்றால் மேக்ரோ ஓடாது, பட்டனும் கிடையாது. அதுதான் உங்க சிவப்புப் பட்டை.

இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? பிரவுசர் ஃபைலை இறக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையைக் கூடவே எழுதி வைக்கிறது. இங்கேதான் கவனம் வேண்டும், அந்த முத்திரை எளிதில் உதிர்ந்துவிடும். நம்ம ஊர் பழக்கத்தில் ரொம்ப நடப்பது பென் டிரைவ். முத்திரை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) டிஸ்கில் மட்டும்தான் நிற்கும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் 32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறைகளில் இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயிலை இறக்கி, பென் டிரைவில் போட்டு, இன்னொரு மெஷினில் திறந்தால் முத்திரை இல்லை. சிவப்புப் பட்டைக்குப் பதில் பழையபடி மஞ்சள் பட்டன் வந்துவிடும். "அங்கே திறக்கல, இங்கே திறக்குதே" என்று சந்தோஷப்பட்டு அழுத்துவோம்.

திருடர்களும் சும்மா இல்லை. மேக்ரோ போனதும் ஐஎஸ்ஓ என்ற டிஸ்க் இமேஜுக்குள் (முழு டிஸ்கையே ஒரே ஃபைலாக்கியது) வைத்து அனுப்பினார்கள், உள்ளே இருக்கும் ஃபைலுக்கு முத்திரை போகவில்லை. 2022 நவம்பரில் அதை அடைத்தார்கள். 2023 தொடக்கத்தில் ஒன்நோட் (மைக்ரோசாஃப்டின் குறிப்பேடு புரோகிராம்) ஃபைல்கள் வந்தன. உள்ளே பெரிதாக ஒரு 'ஓப்பன்' பட்டன் படம், அதன் அடியில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட். அதற்கும் தடை வந்தது. ஷார்ட்கட் ஃபைல், அதாவது எல்என்கே, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வாலை மட்டும், நீங்கள் வாலைக் காட்டச் சொன்ன பிறகும், விண்டோஸ் காட்டாது. ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

#16 பழைய பிரவுசிங் சென்டர்

பிரின்ட் எடுக்கற கடைக்குப் பென் டிரைவ் கொண்டு போற எல்லாரும் #15-ஐ ரெண்டு தடவை படிங்க.

#17 சிவகாமி டீச்சர்

நன்றி சார், இவ்வளவு இருக்குன்னு தெரியாது. இன்னொன்றும் சொல்லணும், மற்றவர்களுக்கு உதவும். எங்கள் பள்ளியில் ஒருவருக்கு ஹெச்டிஎம்எல் இணைப்போடு மெயில் வந்தது. திறந்தால் பிரவுசரில் வேர்டு பக்கம் மாதிரியே மங்கலாகத் தெரிந்ததாம். "இதைப் படிக்க ஒரு நீட்டிப்பு இல்லை, சரிசெய்ய இங்கே அழுத்தவும்" என்று ஒரு பட்டன். அழுத்தியதும் "விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள்" என்று வழி சொன்னதாம். இவ்வளவு சிரமப்பட்டு யார் செய்வார்கள் என்று விட்டுவிட்டார்.

#18 கணக்குப்பிள்ளை

அவருடைய சோம்பல் அவரைக் காப்பாற்றியிருக்கிறது!

இது 2024-லிருந்து பரவலாக நடக்கிறது, கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டனை அழுத்தியதுமே ஒரு கட்டளை கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், ஏறிவிடும். விண்டோஸ் ஆர் போட்டு ஒட்டி என்டர் தட்டினால் அந்தக் கட்டளையை நாமே நம் கையால் ஓட்டுகிறோம். இணைப்பில் வைரஸ் எதுவும் இல்லாததால் ஸ்கேனர் பல சமயம் விட்டுவிடும். "நான் ரோபோ இல்லை" பக்கம் மாதிரியும் வரும். எந்த நல்ல தளமும் விண்டோஸ் ஆர் அழுத்தச் சொல்லாது. அப்பாவிடம் வேறு எதையும் விளக்க முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது சொல்லி வையுங்கள், சேலத்தான்.

#19 மதுரை கம்ப்யூட்டர் கடை

அழுத்திட்டு ஓடி வர்றவுகளுக்கும் சொல்லுங்கப்பா. எங்கிட்ட வர்றதே அவுகதான்.

கடையில நான் செய்றது: முதல்ல நெட்டைப் பிடுங்குறது. வைஃபைன்னா அணைக்கிறது. அடுத்து, வேற ஒரு போன்ல, அந்த மெஷின்ல இல்ல, மெயில் பாஸ்வேர்டையும் பேங்க் பாஸ்வேர்டையும் மாத்தச் சொல்றது. இப்ப வர்றதெல்லாம் ஃபைலை அழிக்கிற வைரஸ் கம்மி. குரோம்ல சேமிச்ச பாஸ்வேர்டு, குக்கி (நீங்க ஏற்கனவே லாகின் பண்ணிருக்கீகன்னு தளத்துக்குக் காட்டுற அடையாளம்) எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிருது. குக்கி போனா பாஸ்வேர்டே இல்லாம உங்க மெயிலுக்குள்ள நுழைவான், ஓடிபி கூடக் கேக்காது. அதனால பாஸ்வேர்டை மாத்துனா மட்டும் பத்தாது, கூகுள் அக்கவுண்டுல 'யுவர் டிவைசஸ்' போயி தெரியாத மெஷினையும் பாதிச்ச மெஷினையும் சைன் அவுட் பண்ணணும். அதுக்கப்புறம் டிஃபெண்டர்ல 'ஆஃப்லைன் ஸ்கேன்' போடுங்க, விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தேடும். எனக்குத் திருப்தி இல்லைன்னா ஃபைலை எடுத்து வச்சுக்கிட்டு விண்டோஸைப் புதுசாப் போட்ருவேன்.

பணம் போயிருந்துச்சுன்னா பேங்குக்குச் சொல்லிட்டு 1930-க்கு, அதான் சைபர் குற்ற உதவி எண்ணுக்கு, உடனே அடிங்க. நாளைக்குப் பாப்போம்னு விட்டா பணம் கை மாறி மாறிப் போயிரும்.

#20 போஸ்ட்மாஸ்டர்

ஃபைல்கள் பூட்டிக்கொண்டால் காசு கட்டுவதற்கு முன் 'நோ மோர் ரான்சம்' தளத்தைப் பாருங்கள். டச்சுப் போலீஸும் யூரோபோலும் இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் 2016-ல் ஆரம்பித்தது. சில வகைகளுக்கு இலவசமாகவே திறக்கும் கருவி கிடைக்கும். எல்லாவற்றுக்கும் கிடைக்காது. அதற்குத்தான் பேக்கப். எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

#21 சேலத்தான்

எல்லாருக்கும் நன்றி. பழைய ஆன்டிவைரஸை நீக்கியாச்சு, டிஃபெண்டர் பச்சை, ஐகாருக்குக் கத்தியது. வால் காட்டச் சொல்லியாச்சு. எனக்கு மட்டும் அட்மின், அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் தனித்தனி சாதா அக்கவுண்ட். எதை இன்ஸ்டால் செய்யணும்னாலும் என் பாஸ்வேர்டு கேட்கும். தங்கச்சி ரெண்டு நாளா பேசல.

மிச்சம் ரெண்டு கேள்வி. விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுபோச்சே, 11 போடலாம்னா டிபிஎம் 2.0 (அது கேட்கிற பாதுகாப்பு சிப்) இல்லைங்குது. அப்புறம் ஸ்கிரிப்ட் ஃபைலை கிளிக் பண்ணாலும் ஓடாம செய்ய வழி உண்டா?

#22 கணக்குப்பிள்ளை

சாதா அக்கவுண்டில் ஓடினாலும் அந்த ஆளுடைய பாஸ்வேர்டுகளையும் ஃபைல்களையும் திருட முடியும் என்பதை மறந்துவிடாதீர்கள். மெஷின் முழுக்கப் பரவாது, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. வீட்டு உபயோகத்துக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை தருகிறார்கள். 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே 'என்ரோல்' என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் செட்டிங்ஸை சிங்க் செய்தால் காசு வேண்டாம். அதற்குள் புது மெஷினுக்குச் சேர்த்து வையுங்கள். பாண்டி சொல்வதைப் பழைய மெஷினில் செய்து பார்ப்பதும் தப்பில்லை (அவர் பார்ப்பதற்குள் இந்த வரியைப் படித்துவிடுங்கள்).

#23 போஸ்ட்மாஸ்டர்

ஸ்கிரிப்டுக்கு வழி இருக்கிறது. ஜிமெயில் 2017-லிருந்து ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) இணைப்பையே ஏற்பதில்லை. ஆனால் லிங்க் வழியாக வரலாம்.

நோட்பேடில் ஒரு காலி ஃபைலை 'டாட் ஜேஎஸ்' என்ற வாலோடு சேமியுங்கள். அதன் மேல் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', நோட்பேடைத் தேர்ந்து 'ஆல்வேஸ்' கட்டத்தில் டிக். அதன் பிறகு எந்த ஜேஎஸ் ஃபைலை கிளிக் செய்தாலும் நோட்பேடில் எழுத்தாகத்தான் திறக்கும், ஓடாது. விபிஎஸ்-க்கும் இதேபோல. இது ஒவ்வொரு யூசருக்கும் தனி செட்டிங், அப்பா அக்கவுண்டில் நுழைந்து அங்கேயும் செய்யணும்.

#24 சேலத்தான்

ரெண்டும் ஆச்சு, மூணு அக்கவுண்டிலும். ஹெச்டிஏ, டபிள்யூஎஸ்எஃப் மாதிரி மத்த ஸ்கிரிப்ட் வால்களையும் கூட மாத்தணுமா? பேட் ஃபைல் (கட்டளைகளை வரிசையா எழுதி வச்ச ஃபைல்)?

#25 போஸ்ட்மாஸ்டர்

ஹெச்டிஏ, டபிள்யூஎஸ்எஃப், ஜேஎஸ்இ, விபிஇ நாலையும் மாற்றுங்கள். பேட் ஃபைலைத் தொடாதீர்கள், அதை நம்பி இருக்கும் சில புரோகிராம்கள் நின்றுவிடும்.